நடனப் படமும் நாலாவது சீட்டும்

மியூசியத்தில் செக்யூரிட்டி வேலை என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை "தொடாதீங்க" என்று சொல்வது. எந்த வாசலிலாவது யூனிஃபார்மோடு நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அனுமதி

போன மாதம் எங்கள் ஹாலில் ஒரு பழைய அமெரிக்க நடனப் படம் போட்டார்கள். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே மேடையில் ஆடக் கூடாது என்கிற ஊரில், சேர்ந்துதான் ஆடுவோம் என்று மல்லுக்கட்டும் கதை. இலவசக் காட்சி. எங்கள் தாராவி சந்துக்காரர்களும் ஒரு தடவை ஏசி ஹாலில் உட்காரட்டுமே என்று டைரக்டர் மேடத்திடம் கெஞ்சினேன்.

மேடம் சம்மதித்தார். ஆனால் முன் பெஞ்சுகள் மெம்பர்களுக்கு, பின் பெஞ்சுகள் எங்களுக்கு. போடுவது இந்தப் படம், உட்கார வைப்பது இப்படியா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மேடம் விரலை ஆட்டிச் சொன்னார்: "முருகேசன், ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் உங்க ஆளுங்களுக்கு இதுதான் கடைசி ஷோ!"

கர்சீப்

எங்கள் ஆட்கள் கதவு திறக்கும் முன்பே வந்துவிட்டார்கள். திறந்ததும் பின் பெஞ்சு முழுக்கக் கர்சீப், துப்பட்டா, தண்ணி பாட்டில். ஒருவர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டு இடம் பிடித்திருந்தார். என்னோடு டியூட்டி பார்க்கும் ஷிண்டே தலையில் கை வைத்துக்கொண்டான்: "அரே பாய், இது மியூசியமா, கல்யாண் லோக்கல் ரயிலா?"

நாலாவது சீட்

பின்னால் இடம் நிரம்பிவிட்டது. எங்கள் சந்தில் பை தைக்கும் செல்லக்கனி அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் தடுப்பதற்குள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். அங்கே ஒரு பெஞ்சில் மூன்று பேர். ஓரத்தில் மாட்டுங்கா ஏரியாவிலிருந்து வரும் மெம்பர் ஜானகி மாமி, பட்டுப்புடவையில்.

"தோடா சர்கோ", கொஞ்சம் நகருங்க, என்றாள் அக்கா, ரயிலில் கேட்பது மாதிரியே. எனக்கு உயிரே போய்விட்டது. மாமியோ திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டார். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கும் இடம் விடுவதுதான் லோக்கல் ரயில் வழக்கம்; ஆயுசு பூராவும் அதன் லேடீஸ் டப்பாவில் ஆபீஸ் போய்வந்த உடம்பு அல்லவா! அதைப் பார்த்து, நின்றவர்கள் எல்லோரும் முன் பெஞ்சுகளில் நாலாவது ஆளாகச் செருகிக்கொண்டார்கள். கையைக் காட்டி மிரட்டிய என்னிடம் அக்கா சீறினாள்: "மூணு பேரு இருந்தா நாலாவதுக்கு எடம் உண்டும்லா, பொறவு என்னத்துக்குப் பதறுதிய?"

கம்ப்ளெயின்ட்

கடைசிப் பாட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடியபோது அக்கா எழுந்து விசிலடித்தாள். விளக்குப் போட்டதும் மாமி நேராக மேடத்திடம் போய் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். மேடம் முகம் மாறியது. தொலைந்தோம் என்று பக்கத்தில் போனேன். மாமி தமிழில் என்மேல் பாய்ந்தார்: "பெஞ்ச் ரொம்பக் குட்டைன்னு கம்ப்ளெயின்ட் பண்ணிருக்கேன், அடுத்த ஷோவுக்குள்ள நீளமாப் போடச் சொல்லுங்கோ, செல்லக்கனி எங்கூடத்தான் உக்காருவா!"

சேர்ந்து ஆட அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுப் படம் தேவைப்பட்டது. சேர்ந்து உட்கார எங்கள் ரயில்காரர்களுக்கு இடுப்பை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதுமாக இருந்தது.