பிரிண்டருக்கு ஒரு நிரந்தர விலாசம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் ஆபீஸ் பிரிண்டர் காணாமல் போய்விட்டது.

திருட்டு இல்லை. நெற்றியில் சந்தனம், குங்குமம், பேப்பர் தட்டின் மேல் சாமந்திச் சரம் என்று மாப்பிள்ளை மாதிரி மேஜையில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் ‘அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை’ என்று கம்ப்யூட்டர் சாதித்தது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நெய்வேலி நகரியத்தில், சுரங்கத்துக்கு ஆள் அனுப்புகிற ஒரு காண்ட்ராக்டரின் சின்ன ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். படிப்பு ப்ளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர். மற்றதெல்லாம் நான் கும்பிடும் முருகன் பார்த்துக்கொள்கிறான்.

எங்கள் ஆபீஸில் ஆயுதபூஜை என்றால் அரைகுறை கிடையாது. முதலாளி காடாம்புலியூர்க்காரர். முந்திரித் தோப்பில் அரிவாளுக்கும் மோட்டாருக்கும் பூஜை போட்டு வளர்ந்தவர். வருஷம் முழுக்க உழைத்த எந்திரம் ஒரு ராத்திரியாவது கண்ணை மூட வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். எனவே பொரி, கடலை, சுண்டல் எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டியதும் மெயின் சுவிட்சையே அணைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தோம். சுவரில் ஓயாமல் மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியை இறக்கித் துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு. பாவம், வருஷத்தில் அன்றைக்குத்தான் அது மினுக்காமல் இருந்தது!

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம்.

ஒன்பதுக்கு முன்பே வந்து கரண்டைப் போட்டோம். கம்ப்யூட்டர், கேமரா பெட்டி, முதலாளியின் செல்போன் எல்லாம் வரிசையாக விழித்துக்கொண்டன. பிரிண்டர் பக்கம் போனேன்.

“யம்மா, அத மட்டும் தொடாத” என்றார் முதலாளி. “எழுதுற மிஷினு அது ஒண்ணுதான். பத்தரைக்கு மேல நல்ல நேரத்துல போடு.”

நியாயம்தானே? நானும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எதை அச்சடிக்கப் போகிறோம் என்பதைச் சொல்லவில்லையே... கேட் பாஸ். எங்கள் ஆட்களின் பாஸ் அன்று ராத்திரியோடு முடிகிறது. ஆளுக்கு ஒரு தாள், போட்டோவோடு. பன்னிரண்டரைக்குள் பாஸ் செக்‌ஷனில் கொடுத்து முத்திரை வாங்கியாக வேண்டும். விட்டால் ஞாயிறு லீவு, திங்கள் காந்தி ஜெயந்தி. செவ்வாய்க்கிழமை வரை கேட்டுக்குள் நுழைய முடியாது. நுழையாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

எல்லோர் சார்பிலும் தாளை வாங்கிப் போக அஞ்சலை அக்கா வந்திருந்தார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கன்வேயர் பெல்ட் ஓரம் கரி வாரிச் சுத்தம் செய்பவர். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான், இன்றும் காண்ட்ராக்ட்தான்.

பத்தரை தாண்டியது. பிரிண்டரைப் போட்டேன். பெயர் வரிசையில் அ-தானே முதல்? அஞ்சலை அக்காவின் தாளைத் திறந்து, பிள்ளையாரை நினைத்து பிரிண்ட் கொடுத்தேன்.

வரவில்லை.

மறுபடி. வரவில்லை. முருகா என்று அழுத்தினேன். சிவபெருமானே என்றும் அழுத்தினேன். குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை. ம்ஹூம்!

முதலாளி ஒரு தாளை மேலே வைத்துப் பச்சைப் பட்டனைத் தட்டினார். ஜெராக்ஸ் ஜம்மென்று வந்தது.

“ஜெராக்ஸ் எடுக்குது, பிரிண்டு எடுக்கலன்னா இன்னாம்மா அர்த்தம்? நடிக்குதா?”

அஞ்சலை அக்கா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “பொட்டு வச்சி மால போட்டு குந்த வச்சா, அது வேல செய்யுமா? தலைவராயிடுச்சி இல்ல!”

சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பென் டிரைவில் போட்டு வெளியே எடுக்கலாம் என்றால், கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் உடைத்த பூசணிக்காய்தான் கிடக்கிறது. எல்லாம் பூட்டு. ஒயர் போட்டு நேராகக் கம்ப்யூட்டரில் சொருகலாமே என்பீர்கள். அந்த ஒயரால்தான் போன வருஷம் வாசலில் வாழைக்கன்றைக் கட்டினோம். கன்றோடு அதுவும் போய்விட்டது.

சர்வீஸ் பார்க்கும் செந்திலுக்குப் போன் போட்டேன். கிசுகிசு குரலில் பேசினார்.

“அக்கா, பண்ருட்டியில கோயில்ல இருக்கேன். பாப்பாவுக்கு இன்னைக்கு மொத எழுத்து. அரிசியில எழுதிகினு இருக்கு. நாளைக்கு வரட்டா?”

“தம்பி, நாளைக்கு வந்தா இந்த அக்காங்கல்லாம் செவ்வா வரைக்கும் வூட்ல குந்தணும்.”

என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். பின்னால் மணிச் சத்தம்.

“சரிக்கா, லைன்லயே இருங்க. நேத்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணீங்களா?”

“மெயினையே ஆஃப் பண்ணோம்.”

“சுவத்துல இருக்கிற பெட்டி?”

“அதுக்குப் பொட்டே வச்சோம்!”

செந்தில் சாமி சந்நிதியில் நின்று சிரித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்தப் பெட்டிதான் ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு நம்பர் கொடுக்கிறது. ஐ.பி. அட்ரஸ் என்று பெயர். நம் நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற மாதிரி. அணைத்துப் போட்டதில் பெட்டிக்குப் பழைய கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. காலையில் முதலில் வந்தவருக்கு முதல் வீடு என்று கொடுத்துவிட்டது. நல்ல நேரம் பார்த்து வந்த பிரிண்டருக்குக் கிடைத்தது வேறு வீடு. கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது!

“அப்போ அந்தப் பழைய வூட்ல யாரு இருக்கா?” என்றேன்.

அவர் சொல்லிக்கொடுத்தபடி முதலாளியின் செல்லில் வைஃபை நம்பரைப் பார்த்தால்... பிரிண்டரின் பழைய நம்பரேதான்.

“சார், பிரிண்டர் வூட்ல உங்க செல்லு குடியேறிடுச்சு.”

“இன்னாம்மா இது வம்பா இருக்கு? நான் யார் வூட்டுலயும் பூரலியே!” என்று பதறி, செல்லை அணைத்தே விட்டார்.

“செல்ல அணைச்சா மட்டும் போதாதுக்கா. நாளைக்கு மறுபடியும் மாறும்” என்றார் செந்தில். “பிரிண்டருக்கு பெர்மனென்ட்டா ஒரு வூடு கொடுத்துடுவோம். யாரும் போகாத கடைசி ப்ளாக்கு. மெனுவுல நெட்வொர்க் போங்க. ஆட்டோன்னு இருக்கும், அத ஸ்டாட்டிக்னு மாத்துங்க. இப்ப நான் சொல்லச் சொல்ல அடிங்க.”

அங்கே ஐயர் பாப்பாவின் விரலைப் பிடித்து “அ...” என்கிறார். இங்கே செந்தில் “நூத்தித் தொண்ணூத்திரண்டு... புள்ளி...” என்கிறார். நான் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். கடைசி எண் இருநூறு. கேட்வே என்ற இடத்தில் அந்தப் பெட்டியின் நம்பர். கேட் பாஸுக்காக அலைகிற எனக்கு அங்கேயும் ஒரு கேட்!

எல்லாம் அடித்து முடித்து, நிம்மதியில் ஓகே அழுத்தாமல் பின்னால் போகிற பட்டனை அழுத்திவிட்டேன். அத்தனையும் அழிந்தது. அதே நேரம் அங்கே பாப்பாவும் அரிசியைக் கலைத்துவிட்டு வீறிட்டு அழுதது.

“அக்கா, பொறுமையா. ரெண்டு பேருமே மறுபடி மொதல்லேர்ந்து” என்றார் செந்தில்.

இரண்டாம் தடவை ஓகே அழுத்தினேன்.

“இப்ப கம்ப்யூட்டர்லயும் புது நம்பரக் கொடுங்க. வூடு மாறினா போஸ்ட்மேன்கிட்ட சொல்ல வேணாமா?”

பிரிண்டர் பெயர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்... சொன்னபடியே செய்து புது நம்பரைக் கொடுத்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ கனைத்தது. சாமந்திச் சரம் குலுங்கியது. முதல் தாள் வந்தது!

அஞ்சலை அக்காவின் முகம்.

அடுத்த தாள்... அதுவும் அஞ்சலை அக்கா. அடுத்ததும் அவரேதான். பிள்ளையார், முருகன், சிவபெருமான் என்று நான் அழுத்தியதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

“அதெல்லாம் க்யூவுல நின்னுகினு இருந்துச்சுக்கா” என்றார் செந்தில். “அழுத்துனது எதுவும் காணாமப் போகாது. விலாசம் சரியானா வந்துடும்.”

பின்னால் பாப்பாவின் சிரிப்பு கேட்டது. ‘அ’ எழுதி முடித்துவிட்டது போலிருக்கிறது. மனசார வாழ்த்திவிட்டுப் போனை வைத்தேன்.

மற்றவர்களின் தாள்களும் வந்தன. முதலாளியே பைக்கில் அஞ்சலை அக்காவை ஏற்றிக்கொண்டு பாஸ் செக்‌ஷனுக்குப் பறந்தார். மூடுகிற நேரத்துக்கு உள்ளே நுழைந்து முத்திரை வாங்கியாயிற்று. வந்ததும் சுவரைப் பார்த்து உத்தரவு போட்டார்.

“வர்ற வருஷம் அந்தப் பொட்டிக்கு பொட்டு மட்டும் வையி. தூங்க வைக்காத.”

அஞ்சலை அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பினார். மிச்சம் விழுந்த தாள்களில் ஒன்றை எடுத்துத் தன் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“விஜயா... வந்து ரெண்டு வருஷம் ஆகல, இந்த மிஷினு பெர்மனென்ட் ஆயிடுச்சி. என் மூஞ்சி இத்தினி தபா வந்துச்சே, ஒண்ணுலயாவது பெர்மனென்ட்னு வரக் கூடாதா?”

சொல்லிவிட்டு அவரேதான் முதலில் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பொரி மிச்சமிருந்தது, மடியில் கொட்டி அனுப்பினேன்.

அக்கா கேட்ட அந்த ‘பெர்மனென்ட்’டுக்கு எந்த மெனுவுக்குள் போக வேண்டும் என்று செந்திலுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றிலிருந்து காலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் அக்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு தடவை இல்லை, பழக்கதோஷத்தில் ஏழெட்டுத் தடவை அழுத்தியே சொல்கிறேன்.

அவன் விலாசம் மாறாதது. வேண்டுதல்... க்யூவில் நிற்கிறது!