கண்ணை எடுக்காதவர்

ஸ்டாண்டில் நிற்கும் கேமராவில் வலது கண்ணை வைத்துவிட்டு, சட்டென நினைவு வந்து இடதுக்கு மாறுகிறார் மருதாசலம். வலது கண்ணை மட்டும் தனியாக மூட அவருக்கு வராது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இடதை மூடியே பழகியவர். அதனால் துண்டால் வியர்வை துடைப்பதுபோல வலதை மறைத்துக்கொள்வார். விஷயம் தெரிந்தால் கல்யாண ஆர்டர் ஒன்றுகூட வராது. பரமத்தி வேலூரில் இந்த ஸ்டூடியோவை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

2019 டிசம்பரில் வளைய சூரிய கிரகணம் வந்தது. கல்யாண போட்டோக்காரருக்கு அது எதற்கு என்று ஊரே சிரித்தது. "ஊராங்க கல்யாணமெல்லாம் எடுத்தாச்சுங்க. எனக்குன்னு ஒரு படம் வேண்டாமுங்களா?" என்றார். சேலத்திலிருந்து கை நீள லென்ஸ் ஒன்றை வாடகைக்கு வாங்கிவந்து காவிரிக்கரையில் நிறுத்தினார்.

வளையம் கூடும் நேரத்தில் மெல்லிய மேகம் மறைத்தது. வெயிலைத் தடுக்கும் கறுப்பு ஃபில்டர் வழியே ஒன்றுமே தெரியவில்லை. கழற்றினார். மேகம் விலகியது. அப்போதாவது கண்ணை எடுத்திருக்கலாம், பாவி மனிதர்.

"தாலி கட்டறப்ப கண்ண எடுத்தா படம் போச்சுங்க. அந்தப் பழக்கந்தான்."

படம் கச்சிதமாக விழுந்தது. கண்ணின் நடுப்பகுதி வெந்துபோனது. வலது கண்ணால் பார்த்தால் இன்று எதிரே இருப்பவருக்குக் காது இருக்கிறது, முடி இருக்கிறது, முகம் இல்லை. இனி அது சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி சித்ரா பழியை ராகுமேல் போட்டுவிட்டுக் கோயில் கோயிலாக விளக்கேற்றுகிறார். "கிரகணத்தப்ப ஊட்ட உட்டு வெளிய போவாதீங்கன்னு சொன்னனுங்களே" என்று பக்கத்துக் கடையில் இருக்கும் என்னிடம் அழுதிருக்கிறார். கேட்டால் மருதாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். "ராகு என்ன பண்ணுச்சு? கழட்டுனது நானு. அதையாச்சும் எம்பேர்ல உடு!"

அந்தப் படம் ஸ்டூடியோச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறது. மேகக் கீற்றுகளுக்கு நடுவே மெல்லிய நெருப்பு வளையம். நானறிந்து அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

போன வாரம் நான் ஸ்டூடியோவில் இருந்தபோது, முருகானந்தம் என்பவர் மகளையும் கூட்டிக்கொண்டு அவள் கல்யாண ஆர்டர் பேச வந்திருந்தார். அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை. மாதிரிக்கு ஒரு படம் எடுக்கலாமென்று பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்தார் மருதாசலம். முருகானந்தத்தின் பார்வை சுவருக்குப் போனது.

"நல்லாருக்குதுங்க. நெட்ல எடுத்ததுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் எடுத்ததுதான் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மருதாசலம் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க."

இந்த முறை வியர்வை துடைக்கிற பாவனை இல்லை; துண்டு தோளிலேயே கிடந்தது. அப்பனும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, கேமராவில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடினார்.