ஆணி அடிக்காத வீடு

மூன்று மாதம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர், மூன்று மாதத்துக்குக் கவலையே இல்லை என்று சொல்லிக் கையில் கொடுத்தால், அந்த மனிதரிடம் வள்ளென்று விழுகிறேன். அவர் என்ன செய்வார் பாவம். ஒன்பது வயதில் முழுசாக ஒரு வருடம் நான் அந்த மூன்று மாதத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது அவருக்குத் தெரியுமா?

அறுபதுகளின் நடுவில், தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பாதை நெடுக மின்சாரக் கம்பி இழுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பம் நடுவதற்கு எங்கெங்கே குழி தோண்டவேண்டும் என்று படம் வரைந்து கொடுக்கிற தற்காலிக உத்தியோகம் அப்பாவுக்கு. ஒரு ஆர்டருக்கு மூன்று மாதம். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து முதலில் அப்பா மட்டும்தான் போனார். நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கி, கண்ட ஓட்டலில் சாப்பிட்டு, ஆறே வாரத்தில் கருவாடு மாதிரி வந்து இறங்கினார். வயிற்றில் புண் என்றார் டாக்டர். காரம் கூடாது, வீட்டுச் சாப்பாடுதான் மருந்து என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே டீச்சர். ஊரில் அப்பாவையே டீச்சர் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவள் தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் போய், ஜூன் முதல் மூன்று மாதத்துக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தாள். அவள் இடத்தில் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். மூன்று மாதத்தில் கம்பமெல்லாம் நட்டு முடிந்துவிடும், அப்பாவின் வயிறும் ஆறிவிடும், திரும்பி வந்து வகுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அம்மா லீவு போட்டதே இல்லை என்பதால் பெரிய டீச்சரும் சரி என்றுவிட்டார்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் போகிற ரோட்டில் ஒரு வீட்டை ஒட்டினாற்போல் ஒரு அறையும் ஒரு சமையலறையும் கிடைத்தன. பின்னால் முழுக்க வீட்டுக்காரர்களுடைய வயல்தான். புதுச் சுவர். நாங்கள்தான் முதல் குடித்தனம். மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு ஒரு சட்டம் போட்டார்.

“செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன். பூச்சு உதுந்து பூடும்.”

“மூணு மாசத்துக்கு வந்தவங்களுக்கு ஆணி எதுக்கு?” என்றாள் அம்மா.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. மூன்று மாதத்துக்கு எதுக்கு என்ற அந்தக் கேள்வியை அம்மா வீட்டிலிருந்த ஒவ்வொரு சாமானையும் பார்த்துக் கேட்டாள். இரண்டு பானை, ஒரு தோசைக்கல், மூன்று தட்டு வெளியே வந்தன. மற்றதெல்லாம் சாக்குமூட்டையிலேயே இருந்தது. மூட்டைதான் நாற்காலி, மூட்டைதான் எனக்கு மேஜை. விருந்தாளி வந்தால் தட்டு கிடையாது; அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பசித்த வயிற்றோடு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கண்ணாடியை மாட்ட இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தோம். அப்பா தினம் காலையில் அதற்கு முன்னால் முழங்கால் போட்டு, ஜெபம் செய்கிறவர் மாதிரி சவரம் செய்துகொள்வார். கொடி கட்ட ஆணி இல்லை என்பதால் இந்த ஜன்னல் கம்பிக்கும் அந்த ஜன்னல் கம்பிக்கும் நடுவே அறைக்குக் குறுக்கே கயிறு ஓடியது. மழைநாளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவின் ஈர வேட்டி மூஞ்சியில் அறையும்.

ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும் ஊரில் பூட்டின பூட்டோடு மூலையில் இருந்தது. அதில் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற ஆறு வாயில் துணிப் புடவைகளும் குடையும் இருந்தன. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தது. வீட்டில் அவள் இரண்டே புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கிழிந்துபோச்சே, அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டேன் என்று நான் சொன்னதற்கு, “அது ஸ்கூலுக்கு” என்றாள்.

என் பாடு அதைவிட மோசம். மூன்று மாதத்துக்காக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை எடுக்கவேண்டாம் என்று முடிவு செய்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கேட்டு என்னைச் சும்மா உட்காரவைத்தாள் அம்மா. அட்டெண்டன்ஸில் எல்லாப் பெயருக்கும் கீழே என் பெயர் மட்டும் பென்சிலில். வகுப்பில் எனக்கு விருந்தாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். விருந்தாளிக்குப் பாட்டுப்போட்டி கிடையாது, பரீட்சைக்கு மார்க் கிடையாது. பையை மாட்ட இடமில்லாமல் தரையில் வைத்து வைத்து, ஒரு நாள் கணக்கு நோட்டைக் கரையான் பாதி தின்றுவிட்டது. விருந்தாளிக்கு அடி மட்டும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் மூட்டைகளை இறுக்கிக் கட்டினோம். கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பாஸ்டர் எங்களை முன்னால் அழைத்துப் பயணத்துக்காக ஜெபித்தார். கேசரியும் டீயும் கொடுத்தார்கள். கோயில் அக்காமார் இரண்டு பேர் அழுதார்கள். புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் அப்பா சைக்கிளை ரொம்ப மெதுவாகச் சாய்த்து வைத்தார். கைகால் கழுவினார். தண்ணீர் குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

வண்டலூர் வரைக்கும்தான் முடிந்திருக்கிறதாம். இன்னும் மூன்று மாதம். இதுதான் கடைசி என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் அதே மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே எங்களைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார். தின்ற கேசரியை நினைத்து நான் பெஞ்சுக்குள் குனிந்துகொண்டேன். ஒரு தடவை பட்டவர்கள் அடுத்த தடவை வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் அல்லவா? அம்மாவுக்கோ, சொல்லாமல் கிளம்பினால் மரியாதை இல்லையாம். நவம்பரில் மறுபடி போய்ச் சொன்னாள். மறுபடி ஜெபம், மறுபடி டீ. இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வேறு வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் கூடுவாஞ்சேரி வரைக்கும்தான் முடிந்திருக்கிறது என்று அப்பா காகிதத்தோடு வந்து நின்றார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மா எடுத்துக்கொண்டு போனாள். பாஸ்டர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது போவீர்கள்தானே என்று அனுப்பிவிட்டார். கடிகாரம் அதன் அட்டைப்பெட்டியிலேயே மூட்டைமேல் உட்கார்ந்தது.

ஒவ்வொரு தடவையும் அம்மா ஊருக்கு லீவை நீட்டிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவாள். எனக்கு ஒரு வரிக்கு மேல் எழுதக் கை வலிக்கும். அவள் அந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவது எழுதுவாள். பெரிய டீச்சரின் பதில் தடவைக்குத் தடவை சின்னதாகிக்கொண்டே வந்தது.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவேண்டும் என்று நான் அழுதேன். எல்லார் வீட்டு வாசலிலும் நட்சத்திரம் இருந்தது. எங்கள் வாசலில் மட்டும் அதை மாட்ட ஓர் ஆணி இல்லை. நான் அழுத அழுகை வீட்டுக்காரம்மா காதில் விழுந்து, அவரே எட்டிப் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா, ஒரு ஆணிக்காவ கொளந்தய அழ வுட்டுகினு கீறியே. நான் சொன்னது அன்னிக்கி. அடிச்சிக்க, போ. அப்பிடியே அந்த மூட்டயயும் பிரி. இன்னா, நாளைக்கேவா போவப் போற?”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேண்டாங்க, பிப்ரவரியோட போயிருவோம் என்றாள். நட்சத்திரம் ஜன்னல் கம்பியில் அப்பாவின் பனியனுக்குப் பக்கத்தில் தொங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிலிருந்து ராத்திரி ஜெபத்தில் ரகசியமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரே, அம்மாவை எப்படியாவது ஓர் ஆணி அடிக்கவையும். அட்டெண்டன்ஸில் என் பெயரை மையில் எழுதவையும். ஆமென்.

பிப்ரவரியில் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வரைக்கும். எங்கள் கோயிலில் ஒருவர் மிகுந்த அன்போடு அப்பாவின் கையைக் குலுக்கி, “போயிட்டு எப்ப வரீங்க?” என்று கேட்டார்.

மே மாதம் ஊரிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை அன்று வந்து கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமாவை எழுதி அனுப்பிவிடவேண்டும், அம்மாவின் இடத்தில் இருக்கும் பெண்ணையே நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் எடுக்கச் சொன்னாள். சனிக்கிழமை ரயில். மூட்டைகளைக் கட்டினோம். இந்த முறை கோயிலில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள். அப்பா சைக்கிளை மெதுவாகச் சாய்த்தார்.

செங்கல்பட்டு. இன்னும் மூன்று மாதம். வேலை நிரந்தரமாக வாய்ப்பிருக்கிறது, இப்போது விட்டுவிட்டுப் போனால் அதுவும் போய்விடும் என்று அதிகாரி சொன்னாராம். அப்பா இதைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போ. நான் எப்பிடியும் சமாளிச்சுக்கிடுதேன்.”

“போன தடவ சமாளிச்ச லட்சணத்ததான் பாத்தேனே” என்றாள் அம்மா.

சனிக்கிழமை ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மோர்ச்சோறு பிசைந்து கொடுக்கும்போது அம்மா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அப்பா ஆபீசுக்குப் போன பிறகு நான் கண் விழித்தபோது கறுப்பு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா நீலக்கரை போட்ட வெள்ளை வாயில் புடவை கட்டியிருந்தாள். அவள் அப்படிப் பளிச்சென்று நின்று பார்த்து ஒரு வருடம் ஆயிற்று. எங்கேம்மா போறோம் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்று சொல்லி, ஒட்டின கவர் ஒன்றை என் கையில் கொடுத்தாள். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று நன்றாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். உறைமேல் பெரிய டீச்சரின் பெயர் இருந்தது. இன்னொரு லீவுக் கடிதம், வேறென்ன என்று அலுத்துக்கொண்டே போனேன். பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். விழுந்திருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று, இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். வாயைத் திறந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பூச்சு பொலபொலவென்று அவர் தலையில் உதிர்ந்தது. அதையும் தட்டிவிடவில்லை.

அம்மா கடிகாரத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினாள். சாவி கொடுத்தாள். வீட்டுக்காரம்மாவிடம் நேரம் கேட்டு, முள்ளை ஒன்பதரைக்குத் திருப்பிவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றாள்.

“பெல் அடிச்சிருப்பாங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “இன்னைக்கு ஸ்கூல் இல்லம்மா. எங்களுக்குப் புதன்கிழமைதான் திறக்காங்க.”

“ஆமா, ஒனக்குப் புதன்கிழமதான்” என்றாள் அம்மா. புதன்கிழமை அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பெயரை மையில் எழுதவைக்கச் சொல்லலாம் என்றும் சொன்னாள்.

ஆறு மாத ஜெபம் ஒரே நாளில் கேட்கப்பட்டுவிட்டது. நான் அறையைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். மூட்டைகளின் கட்டை நானே அவிழ்க்க ஆரம்பித்தேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். சுண்ணாம்பு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு, கேட்டது கிடைக்கிற நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடவேண்டும் என்று தோன்றி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, இதை மாட்ட எனக்கும் ஓர் ஆணி வேண்டும் என்றேன்.

அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பிறகு உலக்கையை எடுத்து, என் கை எட்டுகிற உயரத்தில் எனக்கும் ஒன்று அடித்துக் கொடுத்தாள்.