எழுப்பினால் எழும் தூக்கம்

அன்றைக்கு நோயாளி நான் அல்ல. தெற்குக் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனை வராந்தாவில், சர்க்கரை மருத்துவரைப் பார்ப்பதற்காக என் கணவருடன் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வந்தவள் என்பதால் சற்று அதிகாரமாகவே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு இளம் வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. துறைமுகத்தில் பெரிய பெரிய இயந்திரங்களை அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் என் கரண்டிக்குக் கட்டுப்பட்டவர்.

மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களில் ரத்தச் சர்க்கரை எப்படி இருந்தது என்று காட்டும் சோதனை) மிகவும் ஏறியிருக்கிறது என்றார். இப்படியே போனால் கண்ணும் சிறுநீரகமும் கெடும் என்றார். எல்லாம் அளவோடுதான் கொடுக்கிறேன் என்று நான் சண்டைக்கு நின்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, தினமும் படுக்கும் முன் பிஸ்கட் சாப்பிடுவதாகவும் இரவு ஊசியைத் தானே குறைத்துக்கொண்டதாகவும் வங்காள மொழியில் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"ராத்திரி சுகர் இறங்கிட்டா நீ எந்திரிக்க மாட்டேங்கியே, கோமதி. ஒருநாள் உலுக்கிப் பாத்தேன், நீ அசையல. நானே செவுத்தப் பிடிச்சுப் போயி சீனியக் கரைச்சுக் குடிச்சேன். இறங்காமப் பாத்துக்கிட்டா தொல்ல இல்லல்லா?"

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ தூங்கி எத்தன வருசமாச்சு. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் அவர் மேல். எங்கள் வீடு இருக்கும் டாக்குரியா வந்து சேர்வதற்குள் அது அழுகையாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

என் தூக்கம் எப்படி வந்தது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்ற காலத்தில் அது என்னை விட்டுப் போனது. வீட்டுக்கு அருகில்தான் ரயில் பாதை. கடைசி ரயிலும் முதல் ரயிலும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. பகலில் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை. தூங்காதவளிடம் கோப்பு மாட்டினால் என்ன ஆகும் என்று என் கீழே வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும்.

அப்படியிருக்கும்போது ஒரு விஜயதசமி வந்தது. அம்மனை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தபின் இனிப்பும், சில வீடுகளில் ஷித்தியும் கொடுப்பது இங்கே வழக்கம். ஷித்தி என்பது கஞ்சா இலையை அரைத்துப் பால், பாதாம் சேர்த்துச் செய்வது. வடக்கே பாங்கு என்பார்கள். கீழ்வீட்டு ஷுக்லாதி ஒரு குவளையை நீட்டி, "ஏக்டு கான் நா, பௌதி" என்றார். கொஞ்சம் குடியுங்கள், அண்ணி என்கிறார். அண்ணி குடித்தாள். அன்று அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

அதன்பின் பாங்கு விற்க அரசு உரிமம் பெற்ற கடையிலிருந்தே இலைத்தூள் வாங்கி, இரவுப் பாலில் கலந்து குடிக்கத் தொடங்கினேன். பீடிப் புகை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற நான், கஞ்சா என்ற சொல்லை இதோடு சேர்த்து ஒருமுறைகூட நினைக்கவில்லை. அது தெருமுனையில் கண் சிவந்து நிற்பவர்களின் சமாசாரம். இதுவோ பாதாம் போட்ட பால், பூஜைப் பொருள். என் கணவருக்கும் இது தெரியும். நான் தூங்கினால் போதும் என்று இருந்துவிட்டார்.

கொஞ்ச காலத்தில் பழைய அளவு போதவில்லை. கூட்டினேன். காலையில் தலை ஈரத்துணி சுற்றியதுபோல் கனத்தது. கனவு என்பதே நின்றுபோனது. அதையெல்லாம் நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது இரவுப் பாலைப் பற்றி நான் எல்லாவற்றையும் சொன்னதும், சர்க்கரை மருத்துவர் என்னைத் தூக்கச் சிகிச்சைக்கு அனுப்பினார். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குக் கால் பின்வாங்கியது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். தயவுசெய்து உள்ளே போங்கள்.

அங்கிருந்த மருத்துவர் என்னைவிட வெகு இளையவர். கஞ்சா எந்த வடிவத்தில் போனாலும் கஞ்சாதான் என்று முதலில் சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் அது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், நாளடைவில் உடம்பு பழகிப்போய் அதிகம் கேட்கும், ஆர்இஎம் தூக்கத்தை (பெரும்பாலான கனவுகள் வரும் கட்டம்) குறைத்துவிடும் என்றார்.

"நிறுத்தினால் சில வாரங்களுக்குத் தூக்கம் முன்னைவிட மோசமாகும். அதைப் பார்த்து, இது இல்லாமல் என்னால் முடியாது என்று பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?"

"திரும்ப மாட்டேன், டாக்டர்" என்றேன். வீட்டில் ஒருவர் கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுத்து என்னைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

அளவை மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். கூடவே சிபிடி-ஐ என்ற சிகிச்சை (மாத்திரை இல்லாமல், பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றித் தூக்கமின்மையைச் சரிசெய்யும் முறை). அதன் விதிகள் கேட்பதற்கு அபத்தமாக இருந்தன. தூக்கம் வரவில்லை என்று போனவளிடம், கட்டிலில் கிடக்கும் நேரத்தைக் குறை என்றார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் நாற்காலியில் உட்கார வேண்டும். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. வலிப்பு போன்ற நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பகலில் படுக்கவே கூடாது என்பதுதான் பெரிய கொடுமை. கொல்கத்தாவில் பாத்கூம் (மதியச் சோற்றுக்குப் பின் போடும் தூக்கம்) கிட்டத்தட்ட பிறப்புரிமை. ஞாயிறு மதியம் தெருவே குறட்டை விடும். என்னை விழித்திருக்க வைக்க என் கணவர் பாடா கிளப்பில் (தெருச் சங்கம்) கிடந்த பழைய கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் சொருகும்போதெல்லாம் "சிவப்பப் போடு, சிவப்பப் போடு" என்று உசுப்புவார். நான் அசந்த நேரத்தில் காய்களை நகர்த்துவார். அந்தக் கோபத்திலேயே பல விடுமுறை மதியங்கள் கழிந்தன.

முழுதாக நிறுத்திய பின் வந்த நாட்கள் மோசமானவை. வியர்வை, பசியின்மை, எரிச்சல். கனவுகள் கூட்டமாகத் திரும்பி வந்தன. கனவில் அவர் செய்த ஏதோ துரோகத்துக்காகக் காலையில் காபி போட்டுத் தராமல் இருந்திருக்கிறேன். "கனவுல என்ன செஞ்சேன்னாவது சொல்லு" என்று கெஞ்சினார்.

ஓர் இரவு முடியவில்லை. அலமாரியின் பின்னால் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது எனக்குத் தெரியும். சமையலறைக்குப் போனேன். இருட்டில் என் கணவர் நின்றுகொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். விளக்கைப் போட்டதும் இருவரும் திருடர்களாக விழித்தோம். மருத்துவர் ஊசியின் அளவைத் திருத்திக் கொடுத்து, இனி பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கையில் ஒட்டி வைத்தால் சர்க்கரை இறங்கும்போது அலாரம் அடிக்கும் கருவியைப் போட்டுப் பார்த்து, தோல் தடித்துப்போய் எடுத்துவிட்டோம். ஆக, அவருக்கு இருந்த ஒரே அலாரம் நான். அந்த அலாரத்தை அவர் நம்பவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, கோமதி" என்றார். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பொட்டலத்தை எடுத்துக் குழாயடியில் கரைத்துவிட்டேன். அவர் பிஸ்கட் டப்பாவைக் குப்பையில் போட்டார். நல்ல டப்பா என்று நான் மறுநாள் வருத்தப்பட்டேன்.

மருத்துவர் சொன்னதுபோல் சில வாரங்களில் உடம்பு அடங்கியது. தூக்கம் குறைவாகவும் மெலிதாகவும் வந்தது. வந்ததை எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு விடியற்காலை நானாகவே விழித்தேன். அவர் கூப்பிடவில்லை. அவர் தலையணை வியர்வையில் ஈரமாக இருந்தது, மூச்சு மாறியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. தாங்கி உட்கார வைத்துக் குளுக்கோஸ் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். என் தலை தெளிவாக இருந்தது. பேச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "முழிச்சிட்டியே."

சர்க்கரை மருத்துவர் மறுபடி ஊசியைத் திருத்தினார். அதற்கப்புறம் எச்பிஏ1சி எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

இன்றும் எல்லோரையும்போல் நான் தூங்குவதில்லை. முன்பெல்லாம் விழிப்பு வந்தால் மீதி இரவை எண்ணிக் கணக்குப் போட்டு மனம் புழுங்குவேன். இப்போது எண்ணுவதில்லை. உடம்பு ஏதோ கேட்டு எழுந்திருக்கிறது, கேட்டு முடிந்ததும் படுக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் பல மாதங்களாக அவர் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, நான் தூங்கிய பிறகே தூங்குவார். அந்த விடியற்காலைக்கு மறுநாள் இரவு, ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து படுத்தார். நான் ஏதோ அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், எனக்கு முன்னால் தூங்கிப்போயிருந்தார்.