துண்டில் ஒட்டிய மணல்

உடன்பிறந்தவரின் புகைப்படத்தைப் பார்த்து உங்களுக்கு எப்போதாவது வயிறு எரிந்திருக்கிறதா? இல்லை என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

டிக்கெட் அக்காவுக்கு எரிந்தது. பேருந்து நிலைய முன்பதிவுக் கவுன்ட்டரில் பதினோரு வருடமாக ஊரையே வெளியூர் அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஒரு சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பவள் அவள். தம்பியோ உல்லாசக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த எட்டே மாதத்தில் பத்தொன்பது துறைமுகங்களில் நின்று படம் அனுப்பிவிட்டான். எல்லாப் படத்திலும் கண்ணைச் சுருக்கி ஒரு சிரிப்பு.

"துரையோட ஸ்டைலைப் பாரு," என்று பக்கத்துக் கவுன்ட்டர்காரியிடம் காட்டுவாள். காட்டாமல் இருக்கவும் முடியாது. காட்டினால் அன்று சாப்பாடு இறங்காது.

எரிச்சல் முற்றி, அதே கப்பல் கம்பெனிக்கு அவளும் விண்ணப்பித்தாள். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கொடுக்க ராஜினாமாக் கடிதம் கைப்பையில் தயாராக இருந்தது. சனிக்கிழமை தம்பி விடுமுறையில் வந்து இறங்கினான்.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் இருவரும் துணி உலர்த்தினார்கள்.

"ஒரு படத்துல வெள்ளைக் கோபுரம் இருந்துச்சே, அந்த ஊர் எப்படிடா?"

"அங்க மணல் மாவு மாதிரி. எத்தனை தடவை அலசினாலும் துண்டை விட்டுப் போகாது."

"நான் ஊரைக் கேட்டேன்."

"நானும் ஊரைத்தான்க்கா சொல்றேன். அடுத்த ஊர்ல மணல் கறுப்பு. அதுக்கடுத்து வெறும் கிளிஞ்சல் தூள், மெஷினையே அடைச்சிடும்."

"இறங்கிப் பார்க்கலையா?"

"பத்து நிமிஷம். படம் எடுத்தேன், ஏறிட்டேன். கப்பல் கரையில நிக்கிற அன்னைக்குத்தான் துண்டு மலையா குவியும். சலவை அறை கீழ்த்தளத்துல, ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாலு."

"ஏன்டா சொல்லல?"

"படத்துக்கு நீ அனுப்பின பதில்ல வயித்தெரிச்சல் தெரிஞ்சுது. என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுறாளேன்னு சுகமா இருந்துச்சு." ஈரத் துண்டை உதறினான். "எனக்கு உன் மேல பொறாமை. நாலரைக்குக் கவுன்ட்டரை மூடிடுற."

வெயிலில் அவன் கண் சுருங்கியிருந்தது. பத்தொன்பது படத்திலும் இருந்த அதே சுருக்கம். ஸ்டைல் இல்லை, வெளிச்சம் பழகாத கண்.

திங்கட்கிழமை கடிதம் பையை விட்டு வெளியே வரவில்லை. நாலரைக்குக் கவுன்ட்டரை மூடினாள். எட்டு மணி நேரம்தான் வேலை என்கிற அந்தக் கணக்கு தானாக முளைத்ததல்ல. யாரோ சண்டை போட்டு வாங்கியது. கப்பலில் ஏறியதும் மனிதனுக்கு எலும்பு இரும்பாகிவிடுமா என்ன?

அவளுடைய பொறாமையும் போய்விடவில்லை. தம்பியை விட்டு எழுந்து, ஊர் ஊராக மணலில் புரண்டுவிட்டுத் துண்டைத் தரையில் வீசிப் போகிறவர்கள் மேல் உட்கார்ந்துகொண்டது.

என்றாவது நீங்கள் அப்படியொரு கப்பலில் ஏறினால், அறைக்குத் துண்டு கொண்டுவருபவரிடம் கேளுங்கள்: இன்று எத்தனை மணி நேர வேலை, இந்த ஊரில் எத்தனை நிமிடம் இறங்கினீர்கள்? பயணம் முடியும்போது ஒரு கருத்துப் படிவம் நீட்டுவார்கள். 'சாப்பாடு பிரமாதம்' என்று எழுதுவதற்கு முன், அவர் சொன்ன பதிலை அதில் எழுதிக் கொடுங்கள்.