நூற்றுக்கு நாலு

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து அம்மா சேர்த்த இருபதாயிரம், உத்தனப்பள்ளியில் அப்பாவின் அக்காவான அத்தையிடம் ரெண்டு வட்டிக்கு இருந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதம் பிறந்தால் நானூறு வந்துவிடும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. தனிவட்டிக் கணக்கில் நான்தான் முதல் என்ற திமிரும் இருந்தது. ஒருநாள் பேங்க் வாசலில் பலகையைப் பார்த்தேன். சேமிப்புக் கணக்குக்கு நான்கு சதவீதம் என்று போட்டிருந்தது. அத்தை தருவதைப்போல் இரண்டு மடங்கு! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கேட்டாள்.

"பாப்பா கணக்குப் போட்டுச் சொல்லுது அண்ணி, பேங்க்ல நாலு வட்டியாம்."

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே அம்மா அதைத் தன் பேரில் பேங்கில் போட்டாள். விஷயம் தெரிந்ததும் அப்பா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

எண்ணூறு வரும் என்று காத்திருந்தேன். முதல் மாதம் எதுவும் வரவில்லை. அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் போனை எடுத்துப் பார்ப்பேன். இரண்டாவது மாதமும் போயிற்று. சாப்பிடும்போது அப்பா, "எங்க உன் நாலு வட்டி?" என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் போனில் செய்தி வந்தது. வெறும் இருநூறு ரூபாய். அழுதுகொண்டே அம்மாவிடம் காட்டினேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பேங்குக்குக் கூட்டிப்போனாள்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "போர்டுல போட்டிருக்கற நாலு ஒரு வருசத்துக்கும்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டிய கணக்குல ஏத்துவோம். வெளிய ரெண்டு வட்டிங்கறது மாசக் கணக்கு. வருசத்துக்குப் பாத்தா அது இருபத்தி நாலு."

அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. வெளியே வந்ததும் அம்மா என் தோளில் கை வைத்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் கண்ணு."

"அப்புறம் ஏம்மா இங்க போட்ட?"

அவள் வாசலில் இருந்த ஏடிஎம்மில் அந்த இருநூறை எடுத்து, எதிர்க்கடையில் தனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். பேரம்கூடப் பேசவில்லை. அத்தை தந்த நானூறு மாதாமாதம் அப்பாவின் சட்டைப்பைக்குத்தான் போனது என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை.