வெள்ளைத் துணிக்காக வளர்த்த புல்

ஆயர் ஈத்தாம் என்ற எங்கள் ஊரில் வடிவம்மாளின் வீட்டுக் கொல்லையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், யாரோ வெள்ளைக்காரத் துரை குடியிருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். வேலிக்கு வேலி பசும்புல். ஒரு பூச்செடிகூடக் கிடையாது. வடிவம்மாளுக்கு அந்தப் புல்தரைதான் தொழிற்சாலை. அவர் சலவைத் தொழில் செய்பவர். எங்கள் வீட்டுத் துணிகளும் அவரிடம்தான் போகின்றன.

துவைத்த வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் காயும். ஆனால் பழுப்பு போகாது. ஈரத்தோடு புல்லின்மேல் விரித்து, வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் வெளுப்பு கூடும். வடிவம்மாளும் அவர் கணவர் சுப்பையாவும் இதற்கு மலையடிவாரத்துப் பாடாங்கைத்தான் நம்பியிருந்தார்கள். பொதுவாகக் கிடந்த அந்தத் திடலை யாரோ வாங்கிக் கம்பிவேலி போட்டார்கள். மறுநாளிலிருந்து துணி விரிக்க இடமில்லை. சொந்தக் கொல்லை மட்டும் இருந்தது. அங்கே செம்மண்ணும் லாலாங்கும்தான். லாலாங் புல்லின் கூர்முனை மெல்லிய துணியைக் கிழித்துவிடும். அதை வெட்டியெறிந்துவிட்டு, இடையிடையே சோகை பிடித்துக் கிடந்த புல்லின்மேல் துணியை விரித்தார்கள்.

அவர்களுடைய பெரிய வாடிக்கை கடற்கரையோரத்து ஓட்டல் ஒன்று. அங்கே சாப்பாட்டுக் கூடத்தைக் கவனித்துக்கொள்பவர் அப்துல் காதர். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் ஒரு மேசை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தாமே வந்து நின்றார்.

“இது மேச விரிப்பா, வெத்தல துப்புன துணியா? நீயே சொல்லு வடிவு.”

விரிப்பின் நடுவில் செம்மண் கறை.

“புல்லு மெலிசா இருக்கு பாய். துணி மண்ணத் தொட்டிருச்சு.”

“சாப்பிட வர்ற துரைங்ககிட்ட நான் புல்லுக் கதையா சொல்லிக்கிட்டு இருக்க முடியும்? மழ முடியிற வரைக்கும் விரிப்ப எல்லாம் டவுன்ல சீனர் சலவைக் கடைக்குப் போடுறேன். நீ கைத்துண்டு மட்டும் பாரு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு தடவ ஒங்கிட்ட அனுப்புவேன். அதுலயும் பொட்டு இருந்துச்சின்னா, அப்புறம் எங்கிட்டக் கோவிச்சுக்கக் கூடாது லா.”

ஓட்டல் விரிப்பு இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. சுப்பையா அன்றே முடிவுக்கு வந்துவிட்டார். முன்பு இருவரும் கூலி வேலை பார்த்த இடம் பத்து காவான் என்ற தோட்டம்.

“பேசாம பத்து காவான் தோட்டத்துக்கே போயிருவோம். கங்காணி என்னய இன்னும் மறந்திருக்க மாட்டான்.”

“நானும் அவன மறக்கல” என்றார் வடிவம்மாள். “அவன் முன்னால இன்னொரு தடவ நான் கைகட்டி நிக்கமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. நான் புல்லு வளக்கப் போறேன்.”

சுப்பையா போகவில்லை. லாலாங்கை வேரோடு கிளறியெடுத்தார்கள். சாலையோரத்திலிருந்து மெத்தென்ற புல்லைப் பெயர்த்து வந்து கொல்லை முழுவதும் நட்டார்கள். அதன்பிறகுதான் வடிவம்மாள் தவறு செய்தார். துணிகளை அவித்தெடுத்தபின் வெள்ளாவிப் பானையில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர் மிஞ்சும். அவ்வளவு அழுக்கையும் போக்குகிற தண்ணீர் புல்லுக்கு நல்லதையே செய்யும் என்று நம்பி, குடம் குடமாக ஊற்றினார். சில நாட்களில் புல் வைக்கோலாகிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் கண் வெள்ளாவி அடுப்பின் பக்கம் போயிற்று. அந்தத் தண்ணீர் வழிந்தோடும் மூலையில் இத்தனை வருடங்களாக எதுவுமே முளைத்ததில்லை.

“பாருங்க, லாலாங்கே பயந்து ஓடுன தண்ணி. அதப் போயி பச்சப் புள்ளைக்குப் பால் ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் சிரித்தார். சுப்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் புல் நட்டார்கள். இந்தத் தடவை வடிவம்மாள் கூடையோடு அடுத்த சந்துக்குப் போனார். அங்கே பேச்சியாயி என்பவர் பால் மாடுகள் வைத்திருந்தார்.

“சாணியா? வெள்ளத் துணி விரிக்கிற எடத்துலயா? ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“கெட்டுத்தான் போச்சு. கூடைய நெறச்சு விடு அக்கா.”

“இந்த வாசத்தோட விரிப்பு போச்சுன்னா தொரசாணி மயங்கி விழுந்துருவா!”

“விழுந்தா ஒம் பாலக் குடுத்து எழுப்பிக்கலாம். ஒனக்கும் ஒரு வாடிக்க ஆச்சு.”

பேச்சியாயி சொன்னதில் நியாயம் இருந்தது. புல்லுக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனியின் நிறமோ வாடையோ துணியில் ஏறக் கூடாது. பச்சைச் சாணியைப் போட்டால் ஓட்டல் வேலை அத்தோடு போய்விடும். எனவே கொல்லைக் கோடியில் ஒரு குழி வெட்டினார்கள். சாணி, வாழைமட்டை, காய்கறித் தோல், அறுத்த லாலாங் தாள், கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை இறக்கினார்கள். சுப்பையா அவ்வப்போது மண்வெட்டியால் புரட்டிவிட்டார். உள்ளேயிருந்து வெள்ளாவி போல ஆவி கிளம்பியது. நாளாக ஆக அந்தச் சூடு தணிந்தது; வாடையும் போயிற்று. புரட்டாசி முடியும்போது குழியில் இருந்தது கறுத்த பொலபொலப்பான எரு. வடிவம்மாள் அதை அள்ளி முகர்ந்தார். மழை பெய்த மண்ணின் வாசனைதான் வந்தது.

ஐப்பசி மழையில் எந்தச் சலவைக்காரரும் வெளியே துணி விரிக்க மாட்டார். எருப் போட அதுவே சமயம் என்று வடிவம்மாள் கண்டுகொண்டார். பிரம்புச் சல்லடையில் சலித்து, வானம் கறுக்கும்போதெல்லாம் புல்லின்மேல் மெல்லத் தூவினார். மழை அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோயிற்று. கொடி கொடியாகப் புல் ஓடியது; தனித்தனியாக நின்ற திட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. கார்த்திகையில் மழை ஓய்ந்தபோது கொல்லையில் ஓரிடத்திலும் செம்மண் தெரியவில்லை. பத்து காவான் பேச்சை விட்டுவிட்டு, சுப்பையா அரிவாளால் புல்லை மட்டம் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை அவர் எழுந்து வந்து பார்த்தால், தம்முடைய கல்யாண வேட்டி ஈரத்தோடு புல்லில் கிடந்தது.

“அடிப்பாவி! சோதிச்சுப் பாக்க என் வேட்டிதான் கெடச்சுதா?”

“பின்ன, ஓட்டல் துணியிலயா சோதிச்சுப் பாக்கிறது?”

வெயில் இறங்கியதும் வேட்டியை எடுத்துப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. சுப்பையா மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு அதை அங்கேயே உடுத்திக்கொண்டு, பேச்சியாயிக்குக் காட்டுவதற்காக அடுத்த சந்துவரை நடந்து போய்வந்தார்.

விருந்துக்கான விரிப்புகள் வந்தன. நல்ல வெயில். வடிவம்மாள் நாள் முழுவதும் புல்லோரமாகவே நின்று தண்ணீர் தெளித்தார். தேய்த்து மடித்து, மாட்டுவண்டியில் ஏற்றி, வண்டியோடு தாமும் ஓட்டலுக்குப் போனார்.

அப்துல் காதர் ஜன்னலோர மேசையில் ஒரு விரிப்பைப் பிரித்துப் போட்டார். இந்தப் பக்கம் பார்த்தார். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளே போய், இன்னும் தண்ணீரே காணாத புது விரிப்பொன்றை எடுத்துவந்து பக்கத்து மேசையில் விரித்தார். இரண்டுக்கும் நடுவில் வடிவம்மாளை நிற்கவைத்தார்.

“எது ஒன்னோடது, சொல்லு பாப்போம்.”

“நீங்கதான் சொல்லணும் பாய். பாக்கிற கண்ணு ஒங்களோடது.”

வடிவம்மாள் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு விரிப்பையும் கலந்து மறுபடி விரித்தார். அவர் திரும்பி, கண்ணைச் சுருக்கி, ஜன்னலோர விரிப்பைத் தட்டினார். “இதுதான் புதுசு. வெளுத்து இந்த வெளுப்பக் கொண்டாற முடியாது.”

வடிவம்மாள் அதன் மூலையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு சலவைக்காரரும் துணி மூலையில் போடும் மையடையாளம் அங்கே இருந்தது. அவருடைய அடையாளம்.

அப்துல் காதர் வாய்விட்டுச் சிரித்தார். “அல்லாவே! எங்கண்ணையே வெளுத்துட்டியே!”

விருந்து முடிந்த மறுவாரம் ஓட்டல் வண்டி ஆயர் ஈத்தாமுக்கு வந்தது. மேசை விரிப்புகளோடு படுக்கை விரிப்புகளும் மலைபோல இருந்தன. வண்டியோடு அப்துல் காதரும் வந்திருந்தார். வடிவம்மாள் பாதியை மட்டும் இறக்கச் சொன்னார்.

“ஏன், வேல கசக்குதா?”

“இல்ல பாய். நாள் பூரா துணிக்கு அடியில கெடந்தா புல்லு மூச்சு முட்டிப் போயிரும். ஒரு பாதியில விரிச்சா மறுபாதி எந்திரிக்கணும். எருப் போடுற அன்னிக்கு எதையும் அனுப்பாதீங்க. நானே சொல்லி அனுப்புறேன்.”

“ஓட்டல் ஒன் புல்லக் கேட்டுத்தான் சோறு போடணும்ங்கிற!”

“ஆமா பாய்” என்றார் வடிவம்மாள்.

ஓட்டல் வண்டி இப்போது அவர் சொல்லும் நாளில்தான் வருகிறது.